டேட்டா தீர்ந்த பிறகு எத்தனை மோடம்?

தினசரி டேட்டா தீர்ந்துவிட்டால் பல கைபேசித் திட்டங்களில் இணைப்பு அடியோடு நிற்பதில்லை. வேகத்தை விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைத்துவிடுகிறார்கள். போன வாரம் அண்ணன் மகன் வயலில் நின்றுகொண்டு, இலை பழுத்திருந்த நாற்றைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பப் பார்த்திருக்கிறான். போகவில்லை. "நெட்டே இல்லை அத்தை" என்று போன் செய்தான். நெட் இருக்கிறது. 1990களின் கடைசியில் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தில் சேர்த்த 56 கே மோடம் (விநாடிக்கு 56 கிலோபிட்) கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்திலேயே இருக்கிறது. இதை அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டமே இல்லை. மேட்டூரில் விநாடிக்கு 12,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் வெளியேறும் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். கன அடி என்பது வேகம், டிஎம்சி என்பது அளவு. இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். அந்த எட்டால் பெருக்க மறந்தால் மொத்தக் கணக்கும் போச்சு.

அவன் எடுத்த போட்டோ 4 மெகாபைட். எட்டால் பெருக்கினால் 3 கோடியே 20 லட்சம் பிட். விநாடிக்கு 64,000 பிட் என்றால் 500 விநாடி, அதாவது எட்டு நிமிடம் 20 விநாடி. 56 கே மோடத்தில் அனுப்பியிருந்தால் இன்னும் நேரம் பிடித்திருக்கும். அந்த 56 இறங்கும் திசைக்கு மட்டும்தான். ஏறும் திசையில் உச்சமே 33.6. பதினாறு நிமிடம் ஆகியிருக்கும்.

"உன் வேகம் இத்தனை மோடத்துக்குச் சமம்" என்று சொல்வது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வீட்டில் 100 மெகாபிட் ஃபைபர் இருந்தால் அது சுமார் 1,786 மோடம். சரி, அதை வைத்து என்ன செய்வது? நேரமாக மாற்றினால்தான் உடம்புக்கு உறைக்கும். ஒரு சிடி அளவு, 700 மெகாபைட், ஃபைபரில் 56 விநாடி. மோடத்தில் ஒரு லட்சம் விநாடி. ஒரு நாள் முழுக்க ஓடி, மேலும் மூன்றே முக்கால் மணி நேரம்.

அந்த 56-ம் காகிதத்தில்தான். மன்னார்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபோது நான் அதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. திரையின் கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கணினி படம் இருக்கும். மவுஸை அதன்மேல் வைத்தால் எத்தனையில் இணைந்திருக்கிறது என்று காட்டும். நல்ல நாளில் 44,000. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொலைபேசிக் கம்பியின் மூட்டுகளில் ஈரம் ஏறி இரைச்சல் கூடும். மோடம் தானாகவே இறங்கி 28,800-க்கு வந்துவிடும். அந்த ஒரே இணைப்பை நாலு கணினிக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். 44,000-ஐ நாலால் வகுத்தால் ஆளுக்கு 11,000. 1991-ல் வந்த 14.4 மோடத்தைவிடக் குறைவு.

அதில்தான் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் மெயிலைப் படித்துக் காட்டுவோம். எழுத்து மட்டும் என்றால் இரண்டு விநாடியில் வந்துவிடும். பேரக் குழந்தையின் படம் 200 கிலோபைட் வந்துவிட்டால் இரண்டரை நிமிடம். யாராவது ஒரு ஆத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எல்லாரும் கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாதீங்க" என்று சொல்லிவிடுவேன். மற்ற மூன்று பேரும் கையை எடுத்துவிடுவார்கள். முழு வேகமும் கிடைத்தால் முப்பத்தாறு விநாடி. முதலில் முடி தெரியும், அப்புறம் நெற்றி, அப்புறம் கண். மூக்கு வருவதற்குள் "அப்படியே எங்க வீட்டுக்காரர்" என்பார்கள்.

64 என்பதும் யாரோ சும்மா எடுத்த எண் அல்ல. டிஜிட்டல் தொலைபேசியில் ஒரு குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் எட்டு பிட்டாக எழுதுவார்கள். பெருக்கினால் 64,000. ஒரு தொலைபேசிப் பேச்சுக்கான பாதையின் அகலம் அது. 56 கே மோடமும் அந்தப் பாதைக்குள்தான் ஓடியது. டேட்டா தீர்ந்த கைபேசியில் மிஞ்சுவது சரியாக ஒரு பேச்சின் அளவு.

அது குறைவு என்று நான் நினைக்கவில்லை. இணையத்தில் வழக்கமான யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒரு குறிக்கு மூன்று பைட். எழுத்தும் அதோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் "தஞ்சாவூர்" என்பது ஒன்பது குறி, 27 பைட். 64 கிலோபிட்டில் விநாடிக்கு 2,600-க்கு மேல் தமிழ்க் குறிகள் போகும். யாராலும் அந்த வேகத்தில் படிக்க முடியாது. 1960களின் 300 பிட் மோடத்தில், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு தொடக்க பிட்டும் ஒரு முடிவு பிட்டும் சேர்த்து, "தஞ்சாவூர்" வர 0.9 விநாடி. வாயால் சொல்லும் நேரம்தான்.

அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மேட்டூர் நிலவரம் என்றால் நீர்மட்டம், வரத்து, திறப்பு. மூன்று எண். அதைப் பார்க்கத் திறந்த ஒரு பக்கம் விளம்பரமும் வீடியோவுமாக 3 மெகாபைட் இருந்தது. டேட்டா தீர்ந்தவனுக்கு அது ஆறேகால் நிமிடம். அதே மூன்று எண்ணை, ஊரும் தேதியும் சேர்த்து, 200 குறிகளில் எழுதினால் 600 பைட். 64-ல் பத்தில் ஒரு விநாடிகூட ஆகாது. அந்த 300 பிட் மோடத்திலேயே இருபது விநாடியில் வந்துவிடும். விவசாயிகளுக்காகத் தளம் செய்பவர்கள் தங்கள் கைபேசியில் டேட்டா தீர்ந்த ஒரு சாயங்காலம் அதைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கவில்லை என்றால் படங்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் விடுங்கள்.