அம்மா அடுப்பில் ஏறாத சட்டி

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சிக்கென்று தனிச் சட்டி ஒன்று உண்டு. அது அம்மாவின் அடுப்பில் ஏறாது. குசினிக்குள்ளேயே வராது. பின்பக்கம் விறகு அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டிலில், ஒற்றை கேஸ் அடுப்பில் நானும் தம்பியும் சமைப்போம். அம்மா வாசலோடு நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முடிஞ்சிச்சா புள்ள?" என்பார். சண்டையெல்லாம் கிடையாது.

சுடச்சுட இறைச்சியும் சீஸும் வைத்த இந்தப் பாணைத் தம்பிதான் கட்டாரிலிருந்து கொண்டுவந்தான். அங்கே நாலு வருசம் ஒரு கஃபேட்டேரியாவில் நின்றவன். போன மாசம் ஆசையாக ஹட்டன் டவுனுக்கு பஸ் பிடித்துப் போனால் இறைச்சிக்கடை பூட்டு. அன்றைக்குப் போயா, இறைச்சி விற்காத பௌர்ணமி நாள்! நிலாவையாவது பார்த்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும். கொட்டகலையில் மூன்று நாளாகப் பனிமூட்டம், எங்கே பார்க்கிறது?

அடுத்த வாரம் அரைக் கிலோ கிடைத்தது. "நானா, தனிச் சதையா வேணாம், கொஞ்சம் கொழுப்பும் சேத்து மெஷின்ல போடுங்க" என்று தம்பி கடைக்காரரிடம் சொன்னான். கொழுப்பே இல்லாவிட்டால் வெந்ததும் மரத்தூள் மாதிரி ஆகிவிடும்.

முதல் தடவை நான் கெடுத்தேன். சட்டி காய்வதற்குள் மொத்த இறைச்சியையும் கொட்டிக் கிண்டிக்கொண்டே இருந்தேன். தண்ணி விட்டு, சாம்பல் நிறத்தில் அவிந்தது. பாண் அடியெல்லாம் ஊறி, கையில் எடுக்கவே பிய்ந்தது. இப்போது சட்டி புகைய ஆரம்பித்த பிறகு பாதி இறைச்சியைப் பரப்பிவிட்டு, மூன்று நிமிசம் கரண்டியே வைப்பதில்லை. சத்தம் முதலில் 'சொர்'ரென்று வரும். தண்ணி வற்றியதும் பொரிகிற சத்தமாக மாறும். அடி நல்ல பழுப்பானதும் உடைத்துப் புரட்டலாம். அரைத்த இறைச்சியில் சிவப்பு மிஞ்சக் கூடாது. வெளியே இருக்கிற கிருமி அரைக்கும்போது உள்ளே போய்விடுகிறது, அதனால் 71 பாகை செல்சியஸ் சூடு நடுவரைக்கும் ஏற வேண்டும்.

பிறகு வெங்காயம் இரண்டு, உள்ளிப்பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி சோஸ், ஒரு தேக்கரண்டி கடுகு சோஸ். கறித்தூள் போடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு. "போட்டா அது கறிதானே அக்கா" என்பான். நான் மிளகையும் பெருஞ்சீரகத்தையும் வறுத்து இடித்து, அவன் திரும்பும் நேரம் பார்த்துத் தூவிவிடுவேன். நல்லாருக்கு என்று தின்கிறான், காரணம் கேட்பதில்லை.

பாண் முந்தின நாளுடையதாக இருந்தால் நல்லது. டீ பனிஸ் கிட்டவே வரக்கூடாது, இனிக்கும். சாண்ட்விச் பாணில் எட்டுத் துண்டு, வட்டப் பெட்டியில் வருகிற முக்கோணச் சீஸ் எட்டு. நாலு பேருக்குக் கணக்குச் சரி. ஒன்றை அடித்துண்டில் தடவ வேண்டும், அந்தப் பூச்சுதான் சாறு பாணுக்குள் இறங்காமல் தடுக்கிறது. இன்னொன்று இறைச்சிக்கு மேலே. ஃபொயில் பேப்பரில் சுற்றி, தோசைக்கல்லில் மூடி போட்டு, சின்ன நெருப்பில் பக்கத்துக்கு ஐந்து நிமிசம். கடைசி நிமிசம் ஃபொயில் வாயைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், ஆவி போகட்டும். இந்தக் குளிருக்கு அதைப் பேப்பரோடு இரண்டு கையாலும் பிடித்திருப்பதே பாதிச் சுகம்.

ஆனால் அந்த எட்டுக் கணக்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் சரிவந்ததில்லை. நாங்கள் கொட்டிலில் நிற்கிற நேரத்தில் அம்மா தன்னுடைய விறகடுப்பில் பாண் வாட்டி, சீனிச்சம்பலோடு சீஸையும் தடவிச் சாப்பிட்டு முடித்திருப்பார். முறைக்கு இரண்டு முக்கோணம் குறையும். போன ஞாயிறும் தம்பி தன் பாணைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தான். அடியில் மட்டும்தான் சீஸ்.