வந்தாறுமூலையிலிருந்து நரம்பியல் பிஎச்.டி

அமெரிக்காவில் நரம்பியல் பிஎச்.டி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் 1ஐ ஒட்டி முடிகின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அப்போது மாரி மழை, வெள்ளம், மின்வெட்டு. நியூயோர்க் நேரப்படி இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29 வரை இருக்கிறதுதான். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், நவம்பர் 15க்குள் அனுப்பிவிடுங்கள்.

இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் மாதக் கொடுப்பனவும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரும். வீட்டுக் காணியை ஈடு வைக்கத் தேவையில்லை. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் பெரும்பாலும் போதும். ஐரோப்பாவில் பல இடங்களில் முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். ஜப்பானின் ஒக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனத்தில் விண்ணப்பக் கட்டணமே இல்லை; இளமாணியோடும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்க அரசின் பயிற்சி நிதி குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்குத்தான். அதனால் வெளிநாட்டு மாணவருக்கு எந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுக்கிறார்கள் என்று முதலே மின்னஞ்சலில் கேளுங்கள்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது, எதை ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்று எழுதும் நோக்க அறிக்கையில்தான். "சின்ன வயதிலிருந்தே மூளை என்றால் வியப்பு" என்று தொடங்கினால் வாசிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் ஆய்வையே எழுதுங்கள். பூச்சிகொல்லி பட்ட திலாப்பியாக் குஞ்சுகளின் நீச்சலைப் பார்த்திருந்தால், ஒரு தொட்டியில் எத்தனை குஞ்சு, எத்தனை நிமிட வீடியோ, தூரத்தை எப்படி அளந்தீர்கள் என்று வரட்டும். பிழைத்ததும் வரட்டும்: இரவில் தண்ணீர் குளிர்ந்ததால் முதல் தொகுதித் தரவு கெட்டது, அடுத்த தொகுதியில் வெப்பநிலையை ஒரே அளவில் வைத்தீர்கள். ஆய்வுகூடத்தில் உங்களால் யோசிக்க முடியும் என்று காட்டுவது அந்த இரண்டு வரிதான். பிறகு, அந்தக் கேள்வி உங்களை எந்த இரண்டு மூன்று ஆய்வுகூடங்களுக்குக் கொண்டுபோகிறது என்று பெயரோடு சொல்லுங்கள்.

நரம்பியல் ஆய்வுகூடம் பக்கத்தில் இல்லை என்று மனம் தளர வேண்டாம். அமெரிக்காவின் அலன் மூளை ஆய்வு நிறுவனம் எலி மூளைத் தரவுகளை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கணினி வழி நரம்பியல் கற்பிக்கும் நியூரோமட்ச் அகடமியின் கோடைக்கால இணைய வகுப்புக் கட்டணம் நாட்டுக்கேற்பக் குறையும். பைதன் என்ற கணினி மொழியில் ஒரு சிறு பகுப்பாய்வை முடித்துக் காட்டினாலே அறிக்கையின் பலம் கூடும்.

சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். விரிவுரையாளர் ஒருவர் படிப்பு விடுமுறையில் போய்விடுவது நம் பக்கம் வழமை. ஆகவே செப்டெம்பரிலேயே கேட்டு, உங்கள் சுயவிவரத்தையும் கடைசித் திகதிப் பட்டியலையும் கொடுங்கள். அவர் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே பதிவேற்றட்டும், ஜிமெயில் என்றால் சந்தேகம் வரும்.

முதல் வருடம் பல ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்ய வைக்கும் திட்டங்களில் மாணவரைத் தெரிவு செய்வது தனிப் பேராசிரியர் அல்ல, தெரிவுக் குழுதான். அங்கே பேராசிரியருக்கு எழுதும்போது "அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா" என்று ஐந்து வரியில் கேட்டால் போதும்.

பெயர் விடயத்தில் கவனம். பெறுபேற்றுச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு வடிவம், கடவுச்சீட்டில் தந்தை பெயரோடு இன்னொரு வடிவம், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் எழுத்து மாறி மூன்றாவது. எல்லாவற்றிலும் கடவுச்சீட்டுப்படியே எழுதுங்கள். சான்றிதழைத் திருத்த வேண்டுமென்றால் ஓகஸ்டிலேயே பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்பதையும் அதே பயணத்தில் கேட்டுவிடலாம்.