எம்மா பார்த்த கலர் கண்ணாடி

2014ல டெர்மினால், அதாவது பள்ளிக்கூடக் கடைசி வருஷ, இலக்கியப் பிரிவுக்கு ஃப்ளோபேரோட மதாம் பொவாரி நாவல் பாடமா வந்துச்சு, அப்ப நான் பிரான்ஸ்ல ஒரு லிசேல, நம்ம ஊர் மேல்நிலைப் பள்ளி மாதிரி, பிரெஞ்சு எடுத்துட்டிருந்தேன். கதையை மட்டும் நடத்தினா போதாது, அதை எப்படி எழுதினார், எப்படி வெளிவந்துச்சுங்கறதும் சிலபஸ்ல இருந்துச்சு. வருஷக்கணக்கா அச்சான புத்தகத்தையே நடத்திப் பழகுன எனக்கு இது ரொம்பப் புதுசு.

நாவலோட கையெழுத்துப் பிரதிங்க பிரான்ஸ்ல ரூவான் நகர நூலகத்துல இருக்கு, ஃப்ளோபேரோட தங்கச்சி மக கரோலின் 1914ல கொடுத்தது. 2009ல கிட்டத்தட்ட 4500 பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி, கூடவே டைப் அடிச்சு ஆன்லைன்ல போட்டுட்டாங்க, அந்த டைப் வேலையைச் செஞ்சது பல நாட்டுல இருந்த நூத்துக்கும் மேற்பட்ட வாலண்டியர்ங்க. அவங்க உழைப்பு இல்லன்னா என்னால அந்தக் கையெழுத்துல பாதிகூடப் படிச்சிருக்க முடியாது.

மொத வகுப்புல ஒரு பக்கத்தை ப்ரொஜக்டர்ல போட்டேன். வரிக்கு மேல வரி, மார்ஜின் முழுக்கச் சேர்த்தது, சேர்த்ததையும் அடிச்சது, அதுக்கு மேல பக்கம் முழுக்க ஒரு பெரிய பெருக்கல் குறி. இது அவர் வேணாம்னு தள்ளின பக்கம்னு சொல்லிட்டேன். தப்பு. ஒரு பக்கத்தைத் திருத்தி வேற தாள்ல எழுதி முடிச்சதும்தான் பழசு மேல அந்தக் குறியைப் போடுவார், பின்பக்கத்தை வேற எதுக்காவது எடுத்துக்குவார். அடுத்த வாரம் பசங்ககிட்ட நான் சொன்னது தப்புன்னு சொல்லித் திருத்தினேன், அதுக்கப்புறம்தான் அவங்களும் தைரியமா யூகிக்க ஆரம்பிச்சாங்க.

1851 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 1856 வரைக்கும், சென் ஆத்தோரம் க்ருவாசேங்கற ஊர்ல உக்காந்து எழுதியிருக்கார், ஒரு பக்கத்துக்கே நாள்கணக்கா ஆகுதுன்னு காதலி லூயிஸ் கொலேவுக்கு லெட்டர்ல புலம்பியிருக்கார். இதை நான் சொன்னப்ப யாரும் பெருசா எடுத்துக்கல. அவங்களை உலுக்கினது கலர் கண்ணாடிதான்.

கதையில வர்ற வோபியேசார் மாளிகையில விருந்து முடிஞ்ச மறுநாள் காலையில கதாநாயகி எம்மா ஒரு ஜன்னல்ல இருக்கற கலர் கண்ணாடிங்க வழியா வெளிய பாக்கறா. நீலத்துல எல்லாம் சோகமாத் தெரியுது, சிவப்புல பயந்துடுறா, கடைசியில வெறும் கண்ணாடி வழியா பாத்தா அதே பழைய பகல் வெளிச்சம். டிராஃப்ட்ல இதை எழுதி எழுதித் திருத்தியிருக்கார், ஆனா அச்சுல ஒரு வரிகூட இல்ல. அங்க காலைச் சாப்பாடு பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுது, எல்லாரும் செடி வளக்கற கண்ணாடி வீட்டைப் பாக்கப் போறாங்க, அவ்வளவுதான்.

"மதாம், இவ்ளோ நல்லா இருக்கே, ஏன் அவர் எடுத்துட்டார்?"னு ஒரு பொண்ணு கிட்டத்தட்டக் கோவமாவே கேட்டா. எனக்குத் தோணினதைச் சொன்னேன்: எம்மா எதையும் ஒரு கலர் பூசித்தான் பாக்கறாங்கறதை நாவல் முழுக்க நாமளே கண்டுபிடிக்கணும், அந்தக் கண்ணாடி அதை ஒரே இடத்துல போட்டு உடைச்சிடுது. அவ ஒத்துக்கல. எடுத்தது தப்புன்னே பரீட்சை வரைக்கும் வாதாடினா, நானும் விடாம வாதாடினேன், இருவது வருஷ வேலையில அவ்வளவு சந்தோஷமான வாதம் எனக்கு வேற அமையல.

வருஷக் கடைசியில அவ புத்தகத்தைப் பாத்தேன். விருந்துக்கு மறுநாள் வர்ற பக்கத்துல, சாப்பாட்டுக்கும் கண்ணாடி வீட்டுக்கும் நடுவுல, பென்சிலால சின்னதா நாலு கட்டம் போட்டு ஒவ்வொண்ணுக்கும் கலர் அடிச்சிருந்தா. கடைசிக் கட்டத்தை மட்டும் வெள்ளையாவே விட்டிருந்தா.