சம்ப் கிராஃபில் விழுந்த ஓட்டைகள்: எஸ்க்யூலைட்டோடு சில சனிக்கிழமைகள்

மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட். பன்னிரண்டு வீடு, கீழே ஒரு சம்ப், மாடியில் ஒரு டேங்க். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் இரண்டு வாங்கி வந்து, சம்ப் மூடிக்கு அடியில் ஒன்றும் மாடி டேங்கில் ஒன்றும் மாட்டினேன். இபி மீட்டர் ரூமில் உட்கார்ந்திருக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் 10 வினாடிக்கு ஒருமுறை இரண்டையும் படித்து எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸின் ஃபைலில் எழுதும். மோட்டார் எப்போது போட வேண்டும், லாரிக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் எனக்கு நல்ல பேர்.

அளவுக்கு ஒரு வரி என்று ஒரு நாளைக்கு 17,280 வரி. ஒன்றரை வருடத்தில் 94 லட்சம் வரி சேர்ந்து, ஃபைல் 400 எம்பியைத் தாண்டிவிட்டது. அன்றைய கிராஃப் வர 40 வினாடி. அசோசியேஷன் செக்ரட்டரி சார் ஒருநாள் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உன் கிராஃப் வர்றதுக்குள்ள லாரியே வந்துட்டுப் போயிடும்போல இருக்கே!"

ரோஷம் வந்து நான் முதலில் செய்தது செலவு. நல்ல எஸ்டி கார்டாகப் பார்த்து வாங்கி மாற்றினேன். 40 வினாடி 34 ஆனது. அதற்கு அந்தக் காசில் வீட்டுக்கு நாலு நாள் காய்கறி வாங்கியிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமைதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். குவெரிக்கு, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு, முன்னால் 'எக்ஸ்ப்ளெயின் குவெரி ப்ளான்' என்று சேர்த்து ஓட்டினால், தேடலை எப்படி நடத்தப் போகிறது என்று எஸ்க்யூலைட்டே சொல்லிவிடும். பதிலில் 'ஸ்கேன்' என்று வந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை புரட்டப் போகிறது என்று பொருள். 'சர்ச்' என்று வந்தால் நேராக இடத்துக்குப் போகும். எனக்கு வந்தது ஸ்கேன். சரி, நேரம் என்ற நெடுவரிசைக்கு, புத்தகத்தின் கடைசியில் இருப்பது மாதிரி, ஒரு இண்டெக்ஸ் போட்டேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் ஸ்கேன்.

இங்கே ஒரு மணிநேரம் போனது. குற்றவாளி என் குவெரியில் எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (where) பகுதிதான். நேரத்தை 'டேட்' ஃபங்ஷனுக்குள் போட்டு, 'லோக்கல்டைம்' என்று மாற்றச் சொல்லி, வருவது இன்றைய தேதியா என்று கேட்டிருந்தேன். இண்டெக்ஸில் இருப்பது நேரம். நான் கேட்பதோ அந்த நேரத்தைக் கணக்குப் போட்டால் வரும் தேதி. 94 லட்சம் வரிக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பதில் தெரியும். குறுக்கு வழியாக, அந்தக் கணக்குக்கே இண்டெக்ஸ் போட்டுவிடலாம் என்று முயன்றேன். எஸ்க்யூலைட் ஒத்துக்கொள்ளவில்லை. லோக்கல்டைம் என்பது கம்ப்யூட்டரின் டைம்ஸோனைப் பொறுத்து மாறக்கூடியது, மாறக்கூடியதற்கு இண்டெக்ஸ் கிடையாது. நியாயம்தான்.

தீர்வு சின்னது. நேர நெடுவரிசையைத் தொடாமல் எல்லையைக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஃபைலில் நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கிறது. நம்ம ஊர் நள்ளிரவு 12 மணி என்பது அங்கே முந்தைய நாள் மாலை 6.30. ஆக, நேற்று மாலை 6.30-இலிருந்து இன்று மாலை 6.30-க்குள் என்று கேட்டேன். ஸ்கேன் சர்ச் ஆனது. 34 வினாடி ஒரு வினாடிக்குள் வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

பிறகு சென்சார், நேரம் இரண்டையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸாக்கினேன். எதை முதலில் வைப்பது என்று குழம்புகிறவர்கள் சென்ட்ரலில் ரிசர்வேஷன் சார்ட் ஒட்டியிருந்த நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். கோச் வாரியாக, அதற்குள் பெர்த் வாரியாக இருக்கும். எஸ்5-இல் 30-இலிருந்து 40 வரை யார் யார் என்றால் ஒரே இடத்தில் விரல் வைத்துப் படித்துவிடலாம். எந்தக் கோச் என்று தெரியாமல் 32-ஆம் பெர்த் என்றால் எல்லாத் தாளையும் பார்க்க வேண்டும். 'இதுதான்' என்று சரியாகக் கேட்கும் நெடுவரிசை முன்னால், 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்கும் நெடுவரிசை பின்னால். கோச் நாலைந்துதான் என்று தெரிந்தால் எஸ்க்யூலைட் ஒவ்வொன்றாகத் தாவிப் பார்க்கவும் செய்யும், ஆனால் அதற்கு 'அனலைஸ்' ஓட்டி அந்தத் தகவலை அதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

வேகம் சரியானதும்தான் பழைய கிராஃபில் ஒன்று கண்ணில் பட்டது. கோட்டில் நடுநடுவே ஓட்டைகள். அரை நிமிடம், முக்கால் நிமிடம் எந்த அளவும் இல்லை. சென்சார் ஒயர் லூஸ் என்று நினைத்து மீட்டர் ரூமில் ஏணி போட்டு ஏறி, வாட்ச்மேன் அண்ணன் டார்ச் பிடிக்க, எல்லா ஜாயின்ட்டையும் புதிதாகச் சாலிடர் செய்தேன். அதற்குப் பிறகு ஓட்டை எங்கெங்கே என்று பட்டியல் எடுத்துப் பார்த்தால், தினமும் காலை 6.30-க்கு ஒன்று தவறாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 7.30. ஒயர் லூஸுக்கு ஞாயிறு ஏது?

செக்ரட்டரி சார் வாக்கிங் முடித்து வந்து போனைத் திறக்கும் நேரம் அது! கிராஃபை யாராவது பார்த்தால், பார்த்த நேரமே கிராஃபில் ஓட்டையாக விழுந்திருக்கிறது.

காரணம் இப்படி. எஸ்க்யூலைட்டுக்குத் தனி சர்வர் கிடையாது, இருப்பது ஒரே ஃபைல். வழக்கமான முறையில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுதி முடிக்க முடியாது, காத்திருக்க வேண்டும். என் ஸ்கிரிப்டை எழுதியிருக்கும் பைத்தான் மொழி 5 வினாடி காத்திருந்துவிட்டு 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று கையை விரித்துவிடும். 40 வினாடி ஓடும் என் கிராஃப் குவெரி அவ்வளவு நேரமும் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பிழை வந்தது எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி அவசரத்தில் பிழை வந்தால் பேசாமல் கடந்து போ என்று நானே எழுதி வைத்திருந்தேன். ஏணி ஏறியதற்கு வாட்ச்மேன் அண்ணனிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

'வால்' (WAL) என்ற முறைக்கு மாற்றினேன். 2010-இல் 3.7.0 பதிப்பில் வந்தது. எழுதுவதையெல்லாம் பக்கத்தில் தனி ஃபைலில் எழுதி வைத்து, அவ்வப்போது மூல ஃபைலில் சேர்த்துக்கொள்ளும். படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார், எழுதுபவரும் படிப்பவரைத் தடுக்க மாட்டார். ஒரு நேரத்தில் எழுதுபவர் மட்டும் ஒருவர்தான். என் மாதிரி ஆளுக்கு இதுவே ஏராளம்.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து வீட்டில் லேப்டாப்பில் பார்க்கலாம் என்று ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வந்தேன். திறந்தால் கடைசி இரண்டு நாள் இல்லை. வயிறு கலங்கிவிட்டது. கீழே ஓடிப்போய்ப் பார்த்தால், ராஸ்பெரி பையில் எல்லாம் பத்திரம். மூல ஃபைலுக்குப் பக்கத்தில் வால் ஃபைல் 200 எம்பிக்கு வீங்கிக் கிடந்தது. 1000 பக்கம், அதாவது சுமார் 4 எம்பி சேர்ந்ததும் மூலத்தில் சேர்க்கப் பார்க்கும் என்பதுதான் வழக்கம். ஆனால் யாராவது பழைய நிலையைப் படித்துக்கொண்டே இருந்தால், அந்த இடத்தைத் தாண்டிச் சேர்க்க முடியாது. என் வெப் பக்கம், குவெரியின் பதிலை வரிவரியாகப் படிக்கும் 'கர்சர்' ஒன்றைத் திறந்து, பாதி படித்து, மூடாமல் விட்டிருந்தது. இரண்டு நாளாக அது 'படித்துக்கொண்டே' இருந்திருக்கிறது. கர்சரை மூடினேன், வால் ஃபைல் வளர்வது நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை வெறுமனே காப்பி எடுப்பதையும் அன்றோடு விட்டேன். 'வேக்யூம் இன்டு' என்று ஒரு கட்டளை இருக்கிறது, முழுசான தனிப் பிரதி ஒன்றைச் சுத்தமாக எழுதிக் கொடுக்கும்.

நடுவில் ஒரு சிரிப்பு. மாதத்தின் உச்ச அளவு எவ்வளவு என்று 'மேக்ஸ்' கேட்டால், பதில்: எரர். ஏதோ பிழை என்று அரைமணி தேடினேன். அதுதான் பதிலே. சென்சார் சொதப்பிய சில நாட்களில் என் ஸ்கிரிப்ட் எண்ணுக்குப் பதிலாக அந்த வார்த்தையை எழுதியிருக்கிறது. எண்ணுக்கான நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் எஸ்க்யூலைட் வாங்கிக்கொள்ளும். ஒப்பிடும்போது எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது அதன் கணக்கு. ஆக, எங்கள் சம்ப் அந்த மாதம் 'எரர்' அளவுக்கு நிரம்பியது. 2021-இல் 3.37 பதிப்பிலிருந்து டேபிளை 'ஸ்ட்ரிக்ட்' என்று அறிவிக்கலாம், அப்புறம் இந்த வேலை நடக்காது.

இனி நான் மிகவும் ரசித்த பகுதி. வாட்ச்மேன் அண்ணன் ஒரு நோட்டில் எல்லாம் எழுதுவார்: லாரி வந்தது, மோட்டார் பழுது, இபி மீட்டர் பார்க்க ஆள் வந்தார், மழை, டேங்க் கழுவியது. கொஞ்சம் நானும் கொஞ்சம் செக்ரட்டரி சாரும் டைப் செய்து 2000 குறிப்பு சேர்ந்திருக்கிறது. 2000 வரியில் தேட 'லைக்' என்ற சாதாரணத் தேடல் போதும், ஒரு நொடிகூட ஆகாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? எஃப்டிஎஸ்5 என்ற தேடல் வசதியைப் போட்டேன்.

மோட்டார் என்று தேடினேன். மோட்டார் குறிப்பெல்லாம் வந்தது, கூடவே மீட்டர் குறிப்பும் வந்தது. மழை என்று தேடினால் 'சம்ப் முழுசா ரொம்பியது' வருகிறது. எதையோ ஊகித்துக் காட்டுகிறதோ, மழை பெய்தால் சம்ப் நிரம்பும் என்று அதற்கும் தெரியுமோ என்று ஒரு கணம் மெய்சிலிர்த்துப் போனேன். அவ்வளவு புத்தியெல்லாம் இல்லை. வாக்கியத்தைச் சொற்களாக வெட்டும் அதன் வழக்கமான டோக்கனைசர் யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தியவற்றை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் எழுத்து வகை இல்லை, 'மார்க்' வகை. அதனால் அவை அதற்கு இடைவெளி மாதிரி. மோட்டார் என்பது அதன் கண்ணுக்கு ம, ட, ட, ர. மீட்டரும் அதேதான். மழை என்றால் ம, ழ. முழுசாவும் ம, ழ என்றுதான் தொடங்குகிறது. அரிசி தேடினால் அரசு கிடைக்கும், பால் தேடினால் பல்பு கிடைக்கும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடி படிப்பதுபோல.

திருத்துவது ஒரு வரிதான். டேபிளை உருவாக்கும்போது, யூனிகோட்61 என்ற அந்த வழக்கமான டோக்கனைசருக்கு 'கேட்டகரீஸ்' என்று ஒரு அமைப்பு கொடுக்கலாம். வழக்கமான வகைகளோடு 'எம்' வகை மார்க்குகளையும் சேர்க்கச் சொன்னேன். மீட்டர் போய்விட்டது, மோட்டார் மட்டும் நின்றது.

அதிலும் பாதிதான் நின்றது. 'மோட்டாரை ஆஃப் பண்ணினேன்', 'மோட்டாருக்கு காயில் கட்டியது' இதெல்லாம் வரவில்லை. வேற்றுமை உருபு ஒட்டினால் வேறு சொல். சரி, முன்பகுதித் தேடல் போடலாம் என்று மோட்டார் என்பதற்குப் பின் நட்சத்திரம் வைத்தேன். அப்போதும் வரவில்லை. காரணம் நம் புள்ளி. 'ர்' என்பது ர-வும் புள்ளியும், 'ரை' என்பது ர-வும் ஐகாரக் குறியும். புள்ளியோடு தேடினால் 'மோட்டாரை' அதில் தொடங்கவே இல்லை. கடைசிப் புள்ளியையோ உகரத்தையோ எடுத்துவிட்டு 'மோட்டார' என்று நட்சத்திரம் போட்டால் எல்லாம் வந்து விழுகிறது. தண்ணீர், தண்ணி இரண்டும் வேண்டுமென்றால் 'தண்ண' போதும். பள்ளிக்கூடத்தில் படித்த குற்றியலுகரம் இப்படி ஒருநாள் கைகொடுக்கும் என்று யார் நினைத்தது.

அப்படியும் செக்ரட்டரி சார் டைப் செய்த மோட்டார்கள் மட்டும் அகப்படவில்லை. திரையில் பார்க்க ஒரே மாதிரி. எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தால், என் போன் 'ஓ'காரக் குறியை ஒரே குறியீடாக எழுதுகிறது, அவர் பழைய லேப்டாப் ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக எழுதியிருக்கிறது. பைத்தானில் யூனிகோட் நார்மலைஸ் செய்து, இரண்டும் ஒரே குறியீடாகச் சேரும் என்எஃப்சி வடிவத்தில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிய பிறகே தேடுகிறேன். இப்போது ஒன்றும் தப்புவதில்லை.

கடைசி சனிக்கிழமை பெரிய டேபிளுக்கு டயட். நேரத்தை எழுத்தாக 19 பைட்டில் வைத்திருந்தேன், எண்ணாக மாற்றினால் 4 பைட். சென்சார் பெயரை ஒவ்வொரு வரியிலும் முழுசாக எழுதியிருந்தேன், சம்ப் 0, டேங்க் 1 என்று ஆக்கினேன். 0-வும் 1-உம் என்றால் எஸ்க்யூலைட் மதிப்புக்கென்று தனி இடமே எடுப்பதில்லை, அந்த வரியின் தலைப்பிலேயே குறித்துக்கொள்கிறது. உயரத்தை மில்லிமீட்டரில் முழு எண்ணாக. வரிக்குத் தனி எண் வேண்டாம் என்று 'வித்தவுட் ரோஐடி' போட்டதால் தனி இண்டெக்ஸும் வேண்டாம், டேபிளே சென்சார், நேரம் என்ற வரிசையில் இருக்கும். முதலில் பைத்தானில் வரிக்கு ஒரு கமிட், அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக உறுதிசெய்து பதிவது, என்று மாற்றத் தொடங்கினேன். ஒவ்வொரு கமிட்டுக்கும் கார்டில் பதியும்வரை காத்திருக்கும் என்பதால் நாள்கணக்கில் ஆகும்போலத் தெரிந்தது. நிறுத்திவிட்டு, கடைசியில் ஒரே கமிட் வரும்படி மொத்தத்தையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் தள்ளினேன். காபி போட்டுக் குடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. 400 எம்பி 150-க்குள்.

ஒன்று மிச்சம். ஒரு வருடத்துக்கான கிராஃப் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. மணிக்கு ஒரு சராசரி என்று தனி டேபிள் போட வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முடித்துவிட்டால் நல்லது. பழைய 6.30 ஓட்டைகளை என்ன செய்தாலும் அடைக்க முடியாது. செக்ரட்டரி சாரிடம் அதைக் காட்டியபோது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒன்றரை வருஷத்துல நான் வாக்கிங் போகாத நாள் எத்தனைன்னு இதுல எண்ணிடலாம்போல இருக்கே. இதை வீட்ல காட்டிடாதம்மா."