பெங்களூரில் வேலை: ஆபீஸ் தரும் கவுன்சலிங்கைப் பயன்படுத்துங்கள்

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பெல்லந்தூருக்கும் வேலைக்கு வருபவர்களில் பலருக்கு, ‘இஏபி’ (எம்ப்ளாயீ அசிஸ்டன்ஸ் புரோகிராம்) என்ற இலவச கவுன்சலிங் தங்கள் ஆபீஸில் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள். ஹெச்ஆர் காதுக்குப் போனால் அப்ரைசலில் கை வைப்பார்களோ என்ற பயம்.

வழக்கமாக இதை நடத்துவது வெளி நிறுவனம். எத்தனை பேர் பேசினார்கள், பொதுவாக என்ன மாதிரிப் பிரச்சினை என்ற கணக்குதான் ஹெச்ஆருக்குப் போகும், பெயர் போகாது. உயிருக்கு ஆபத்து என்று கவுன்சலர் கருதினால் அது விதிவிலக்கு. மேனேஜரே அனுப்பிவைத்தால் நிலைமை வேறு. வந்தாரா இல்லையா என்ற விவரம் திரும்பிப் போகலாம். அதனால் அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களாகவே போங்கள். சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் உரிமையாக்கியிருக்கிறது.

பதிவு செய்யும்போது சொந்த மொபைல், சொந்த மெயில் கொடுங்கள். ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். "தமிழ்ல பேசுற கவுன்சலர் வேணும்" என்று முதல் போனிலேயே கேளுங்கள். அப்பா வாங்கிய கடன், தட்டிப்போகும் கல்யாணப் பேச்சு, ஊரில் தனியாக இருக்கும் அம்மா, இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னால் பாதி மனசுக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு சிட்டிங் 45, 50 நிமிடம். இலவச சிட்டிங்குக்கு வரம்பு உண்டு, எத்தனை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதே கவுன்சலரிடமே தொடருங்கள். ஆள் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்வதிலேயே நேரம் போய்விடும்.

இடமும் முக்கியம். பிஜி விடுதியில் ரூம்மேட் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்க, அல்லது மீட்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீம் நடமாட, யாராலும் மனம்விட்டுப் பேச முடியாது. ரூம் காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து புக் செய்யுங்கள்.

கவுன்சலர் மாத்திரை எழுதித் தர மாட்டார். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் சைக்கியாட்ரிஸ்டைப் பார்க்க வேண்டும். ஓசூர் ரோட்டிலேயே மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கிறது. நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ், 14416. அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநல போன் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

ஆபீஸில் நடக்கும் யோகா வகுப்பு நல்லதுதான். ஆனால் ராத்திரி 11 மணிக்கு அமெரிக்காவிலிருந்து வரும் போன் கால்களையும் மறுநாள் காலை 9 மணி மீட்டிங்கையும் அது குறைக்காது. மேனேஜரிடம் வெறுமனே "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்றால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "ராத்திரி போன் கால் இருந்தால் மறுநாள் 11 மணிக்கு முன் மீட்டிங் வேண்டாம்" என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். அந்த மெயிலை எப்படி எழுதுவது என்று கவுன்சலரிடமே ஒரு சிட்டிங்கில் கேட்கலாம். அதுவும் அவர் வேலைதான்.