ஃப்ளூயிட் பவர் அரியர்: நான் தொடாமல் விட்ட ஒரு வரி

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. ஃப்ளூயிட் பவர் தாளில் போன முறை 31, இந்த முறை 74. இன்னும் ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பகுதிநேர எம்.டெக். நண்பர்கள் எப்படிப் படித்தாய் என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல். தாள் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும். மின்சார வேலை வாகனங்களின் ஹைட்ராலிக்ஸ் (எண்ணெய் அழுத்தத்தால் வேலை வாங்குவது) பகுதியை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் விழுந்ததும் எழுந்ததும் அதில்தான்.

போன முறை வந்த பெரிய கணக்கு இது: டீசல் என்ஜினை எடுத்துவிட்டு ஒரே மோட்டர் வைத்து மாற்றிய சின்ன லோடர். தூக்குவது, கவிழ்ப்பது, ஓட்டுவது, காத்திருப்பது என்று நான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் அழுத்தம், பாய்வு, விநாடி. நான் பம்பின் செயல்திறனைப் போட்டு, தூக்கும் வரியை மட்டும் அழகாகக் கணக்கிட்டு, இரண்டு பக்கம் ரீஜெனரேஷன் (சுமை இறங்கும்போது வரும் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புவது) பற்றி எழுதிவிட்டு வந்தேன். காத்திருக்கும் வரியைத் தொடவே இல்லை. வேலை செய்யாத நேரத்தில் என்ன கணக்கு இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த வரியில்தான் எல்லாம் இருந்தது. காத்திருக்கும்போதும் பம்ப் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர், வால்வ் வழியாகத் தொட்டிக்குத் திரும்ப 15 பார். பாரை (அழுத்தத்தின் அலகு) நிமிட லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட்: 15 × 60 ÷ 600, அதாவது 1.5 கிலோவாட். ஒரு மணி நேரத்தில் 24 நிமிடம் நின்றால் 0.6 யூனிட் போச்சு. 1.5 டன்னை 3 மீட்டர் தூக்கும் சுத்தமான வேலை எவ்வளவு? 44 கிலோஜூல், சுமார் 12 வாட் மணி. மணிக்கு 20 தடவை தூக்கினாலும் 0.25 யூனிட்தான். தூக்குவதைவிடச் சும்மா நிற்பதற்கு இரண்டு மடங்குக்கு மேல் செலவு. மோட்டரை நிறுத்திவிட்டால் அந்தச் செலவு அப்படியே மிச்சம்.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு ஒட்டியிருக்காது. பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்க்கும் ஃபோர்க்லிஃப்ட் சர்வீஸ் ஷெட்டில் கிருஷ்ணகிரிக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் ஃபெயிலான வாரம் பேட்டரி கேபிளில் கிளாம்ப் மீட்டரை (கேபிளைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளப்பது) மாட்டினார். "தம்பி, டில்ட் லீவரைக் கடைசி வரை இழுத்து அப்படியே பிடி" என்றார். மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) சாய்ந்து முட்டிக்கொண்டு நின்றது. அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வ் கீச்சென்று கத்தியது. மீட்டரில் 250 ஆம்பியர். மாஸ்ட் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. 48 வோல்ட் வண்டி, ஆக 12 கிலோவாட். 4 விநாடி பிடித்தால் 48 கிலோஜூல். மேலே சொன்ன 1.5 டன்னை 3 மீட்டர் தூக்கும் வேலையைவிட அதிகம், மொத்தமும் சூடாகப் போய்விட்டது, பெரும்பகுதி எண்ணெயில். "லீவரை விட்டா மோட்டர் தூங்கிடும், அதான் இந்த வண்டி பொழைக்குது" என்றார். அன்று இரவு அல்சூர் வீட்டுக்கு வந்து பழைய கேள்வித்தாளை எடுத்து அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். (ரிலீஃப் வால்வைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுடும்.)

என் ஒரே வழி இதுதான்: எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் ஆற்றல் கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் அழுத்தம் × பாய்வு ÷ 600 × விநாடி. பம்ப் கொடுத்தது ஒரு பத்தி, சிலிண்டர் வாங்கியது இன்னொரு பத்தி. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று எழுதினால் பாதி விடை முடிந்தது. குழுவாக உட்கார்ந்து பேசிப் படிப்பது எனக்கு ஒத்துவராது. 40 நாள், தினமும் ஒரு கணக்கு, தாளில் கையால் போட்டேன்.

கண்டிப்பாகக் கையில் இருக்க வேண்டியவை:

- லோட் சென்சிங்: அதிக அழுத்தம் கேட்கிற வேலைதான் பம்பின் அழுத்தத்தை முடிவு செய்யும். பூம் (தூக்கும் கை) 180 பார், பக்கெட் 60 பார், ஆளுக்கு 30 லிட்டர் என்றால் பம்ப் 200 பாரில் 60 லிட்டர் தள்ளும். 20 கிலோவாட் கொடுத்து 12 வாங்குகிறோம். மீதியில் 7 கிலோவாட் பக்கெட் பக்கத்திலேயே போகிறது. 'லோட் சென்சிங் வந்தால் நஷ்டம் இல்லை' என்று எழுதினால் மார்க் போகும்.
- மோட்டர் வேகத்தால் பாய்வைக் கட்டுப்படுத்துவது. வேகம் ரொம்பக் குறைந்தால் கசிவின் பங்கு ஏறும், பிஸ்டன் பம்புக்கு மசகும் போதாது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.
- எண்ணெய். விஜி 46 என்பது 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு). டிசம்பர் காலையில் ஷெட்டில் அது அதைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும்.
- விடையின் முதல் வரிக்கு டீசல் ஒப்பீடு. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட். ஜேசிபியின் 19சி-1ஈ மின்சார மினி எக்ஸ்கவேட்டரில் இருப்பது சுமார் 20 யூனிட் பேட்டரி.

ரீஜெனரேஷன் தனியாக. எல்லோருக்கும் பிடித்த தலைப்பு, எனக்கும்தான். 2023 டிசம்பரில் எக்ஸ்கான் என்ற கட்டுமான இயந்திரக் கண்காட்சிக்குப் போனபோது மின்சார வண்டிகளின் முன்னால் நின்று அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து 0.95, மோட்டர் 0.9, பம்ப் 0.85 என்று வைத்தால் ஒரு வழிக்கு 0.73. போய்த் திரும்பினால் 0.53. அதிலும் சரக்கை மேலே வைத்துவிட்டு வெறும் ஃபோர்க்கை இறக்கினால் திரும்பக் கிடைப்பது மாஸ்ட், கேரியேஜ் (ஃபோர்க்கைத் தாங்கும் சட்டம்) எடையிலிருந்து மட்டும். உயரமான ரேக்கிலிருந்து சரக்கை இறக்குகிற கிடங்கு என்றால் நிலைமை வேறு, அங்கே நல்ல லாபம். கேள்வியில் சுமை எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரீஜெனரேஷனைத் தொட வேண்டும். போன முறை நான் அதைப் பார்க்கவே இல்லை.

வைவாவில் என்னிடம் கேட்டது: "மோட்டர் வேகத்தாலேயே எல்லாம் செய்யலாம் என்றால் வால்வ் எதற்கு?" ஒரே பம்பில் இரண்டு வேலை ஒன்றாக நடந்தால் எண்ணெயைப் பிரிக்க வேண்டும், மோட்டர் நின்ற பிறகும் சுமை கீழே இறங்காமல் நிற்க வேண்டும் என்றேன். அப்புறம் அந்த 250 ஆம்பியர் கதையைச் சொன்னேன். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மீட்டரை எந்தக் கேபிளில் மாட்டினீர்கள் என்று கேட்டார். பம்ப் மோட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கேபிள், டிராக்‌ஷன் (வண்டியை ஓட்டும் மோட்டர்) பக்கம் பிரிந்த பிறகு, என்றேன். அடுத்த கேள்வி வரவில்லை.