பிரிட்ஜ்போர்ட்னா பார்னம் மட்டும்தானா?

அமெரிக்காவுல கனெக்டிகட் மாகாணத்துல பிரிட்ஜ்போர்ட்னு ஒரு ஊர், அங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் பி.டி. பார்னம்தான். சர்க்கஸ் முதலாளி, 1875ல அந்த ஊருக்கே மேயர், கடற்கரை பார்க்ல சிலை, மெயின் ஸ்ட்ரீட்ல 1893ல திறந்த மியூசியம் வேற. எனக்கென்னமோ அவரை விட அவரையும் அந்த ஊரையும் சுத்தி இருந்த பொம்பளைங்க கதைதான் சுவாரஸ்யமா இருக்கு.

லவீனியா வாரனை எடுத்துக்கோங்க. 1841ல பொறந்தவங்க, உயரம் 32 இன்ச். மேடை ஏறுறதுக்கு முன்னாடி, 16 வயசுலயே ஸ்கூல் டீச்சர், பாடம் படிக்க வந்த வாண்டுகளே டீச்சரை விட உயரம்! அப்புறம் மிசிசிப்பி ஆத்துல ஷோ நடத்தின படகுல சேர்ந்து, அங்கிருந்து பார்னம்கிட்ட வந்தாங்க. 1863 பிப்ரவரி 10, நியூயார்க் கிரேஸ் சர்ச்ல பார்னம் ஷோவுல ஜெனரல் டாம் தம்ப்னு பேர் வாங்கின, இவங்களை மாதிரியே குள்ளமான சார்லஸ் ஸ்ட்ராட்டனோட கல்யாணம். உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருக்கு, பேப்பர்ல பாத்தா இவங்க கல்யாண நியூஸ், லிங்கனே வெள்ளை மாளிகைக்கு கூப்பிட்டு வரவேற்பு குடுத்தாரு. ஷோவுக்கு கூட்டம் அள்ளுதேனு கல்யாணத்தை ஒரு மாசம் தள்ளிப் போட பார்னம் 15,000 டாலர் தரேன்னு சொல்லியும் ரெண்டு பேரும் முடியாதுனுட்டாங்களாம், இந்த இடம் எனக்கு ரொம்ப பிடிச்சது.

பிடிக்காத இடமும் இருக்கு. தம்பதி கையில குழந்தையோட நிக்கிற போட்டோ எக்கச்சக்கமா வித்துச்சு, ஆனா அவங்களுக்கு குழந்தையே கிடையாது. எல்லாம் இரவல் குழந்தைங்க, இங்கிலாந்து போனா இங்கிலீஷ் குழந்தை, பிரான்ஸ் போனா பிரெஞ்சு குழந்தைனு ஊருக்கு ஒண்ணு. ரொம்ப வருஷம் கழிச்சு லவீனியாவே இதை வெளிய சொன்னாங்க. டிக்கெட் விக்கணும்னா பார்னம் எதுக்கும் துணிஞ்ச ஆளு. 1835ல ஜாய்ஸ் ஹெத்னு கண்ணு தெரியாத அடிமைக் கிழவியை, வாஷிங்டனை வளர்த்த தாதி, வயசு 161னு சொல்லி காட்டினாரு, அடுத்த வருஷம் அந்தம்மா செத்ததும் பிரேதப் பரிசோதனைக்கே 50 சென்ட் டிக்கெட் போட்டாரு. மேதைனு அவரைப் புகழ்றவங்க இந்த இடம் வந்தா மட்டும் கொஞ்சம் வேகமா பேசுவாங்க.

பிரிட்ஜ்போர்ட்ல இருக்கிற மவுண்டன் குரோவ் கல்லறைத் தோட்டத்துல ஸ்ட்ராட்டனுக்கு 40 அடி தூண், உச்சியில அவர் உயரத்துக்கே சிலை. பக்கத்துல லவீனியாவுக்கு ஒரு சின்னக் கல்லு, அதுல ‘அவர் மனைவி’னு மட்டும். புருஷன் 1883ல போனப்புறம் மறு கல்யாணம் பண்ணிட்டு, 1919ல சாகுற வரைக்கும் 36 வருஷம் தனக்குனு ஒரு வாழ்க்கை வாழ்ந்தவங்களுக்கு இவ்வளவுதானா?

அதே தோட்டத்துல ஃபேன்னி கிராஸ்பியும் இருக்காங்க. பச்சைக் குழந்தையா இருக்கும்போதே பார்வை போய், 8,000க்கு மேல பக்திப் பாட்டு எழுதினவங்க. நம்ம சர்ச்ல துக்கம்னா பாடுவாங்களே ‘இயேசுவின் கைகள் காக்க’, அதோட மூலம் இவங்க எழுதினதுதான். 1915ல இறந்தப்போ பெரிய கல்லு வேணாம்னு இவங்களே சொல்லி வெச்சதால ‘தன்னால் இயன்றதைச் செய்தாள்’ங்கற பைபிள் வரியோட குட்டிக் கல்லு, ஆனா 1955ல ஆளுங்க கேக்காம பெருசா ஒண்ணு நட்டுட்டாங்க.

மெயின் ஸ்ட்ரீட்லயே தெற்கால போனா மேரி, எலைசா ஃப்ரீமேன்னு ரெண்டு கறுப்பின அக்கா தங்கச்சி 1848ல கட்டின வீடுங்க நிக்குது, அடிமை முறை நாட்டுல இருந்த காலத்துலயே சொந்தக் காசுல சொத்து வாங்கினவங்க. பார்னம் மியூசியம் 2010 சூறாவளியில அடிபட்டு ரிப்பேர் வருஷக்கணக்கா இழுத்துச்சு, அதனால திறந்திருக்கானு கேட்டுட்டு கிளம்புங்க. மூடியிருந்தா நேரா இந்த வீடுங்க பக்கம் நடங்க, அதே ரோடுதான்.